மரபுக் கட்டடப் பாதுகாப்பில் மக்கள் கருத்து

1972-ஆம் ஆண்டு நவம்பர் மாதம் புதுதில்லிப் பிரகதி மைதானத்தில் ஆசியப் பன்னாட்டு வர்த்தகப் பொருட்காட்சி தொடங்கிற்று. நாடு விடுதலை பெற்று 25 ஆண்டுகள் நிறைந்த வேளை அது. பொருட்காட்சிக்கென எழுப்பப்பட்ட மண்டபங்களுள் தலையானது 'நாடுகளின் மண்டபம்'. நடுவில் ஒரு தூணும் இன்றி, 70 மீட்டருக்கும் மேற்பட்ட அகலத்தை முக்கோணக் கட்டங்களால் பின்னப்பட்ட சட்டம் ஒன்றே தாங்கி நின்றது. பிற நாடுகளில் இத்தகைய சட்டங்களை எஃகுக் குழாய்களால் அமைப்பதே வழக்கம். அந்நாளில் இந்தியாவில் எஃகு அரிது, விலையும் அதிகம். ஆனால் சிமெண்டும் ஜல்லியும் உண்டு. கைத்திறன் மிக்க தொழிலாளரும் உண்டு. எனவே கட்டடக் கலைஞர் ராஜ் ரேவலும் பொறியாளர் மகேந்திர ராஜும் அச்சட்டம் முழுவதையும் அவ்விடத்திலேயே கான்கிரீட்டில் வார்ப்பது என்று முடிவு செய்தனர். பலகை அடித்து, கம்பி கட்டி, கணுக்கணுவாக அது உயர்ந்தது. மூலதனம் குறைந்து உழைப்பு மிகுந்த ஒரு பொருளாதாரம் தன் குறையையே வழியாக்கிக்கொண்டதற்கு இதைவிட வெளிப்படையான சான்று கிடைப்பது கடினம்.

2017 ஏப்ரல் 23-ஆம் நாள் இரவில் அந்த மண்டபம் இடிக்கப்பட்டது. அப்பொழுது அதன் வயது 45. புதிய மாநாட்டு வளாகத்திற்கு அவ்விடம் தேவைப்பட்டது. கட்டட வல்லுநர்கள் வேண்டுகோள் விடுத்தனர். வெளிநாட்டு அருங்காட்சியகங்களிலிருந்தும் கடிதங்கள் வந்தன. உயர்நீதிமன்றத்தில் வழக்குத் தொடுக்கப்பட்டது. எனினும் இடிப்பு தடைப்படவில்லை. தில்லியின் மரபுப் பாதுகாப்புக் குழு, 60 ஆண்டு நிறைவுறாத கட்டடங்களைப் பட்டியலில் சேர்ப்பதற்கில்லை என்று வகுத்துக்கொண்ட வரையறை அதற்குக் குறுக்கே நின்றது. இன்டாக் எனப்படும் கலை, பண்பாட்டு மரபு அறக்கட்டளை 2013-இலேயே விடுதலைக்குப் பின் எழுந்த 60-க்கும் மேற்பட்ட தில்லிக் கட்டடங்களின் பெயர்களைப் பரிந்துரைத்திருந்தது. அவற்றுள் இந்த மண்டபமும் ஒன்று.

இடித்தது தவறா, சரியா என்பது இவ்வுரையின் பொருள் அன்று. புதிய வளாகம் 2023-இல் திறக்கப்பட்டு இயங்கி வருகிறது. அதன் தேவையை மறுப்பவர் சிலரே. ஆராய வேண்டியது வேறு ஒன்று. பொதுப் பணத்தில் எழுந்த ஒரு கட்டடத்தைக் காப்பதா, நீக்குவதா என்ற கேள்வி எழும்பொழுது யாரைக் கேட்பது, எப்பொழுது கேட்பது, கேட்டபின் என்ன செய்வது?

சட்டத்தில் உள்ள இடம்

இக்கேள்விக்கு இந்தியச் சட்டத்தில் விடை இல்லாமல் இல்லை. 1958-ஆம் ஆண்டின் புராதனச் சின்னங்கள், தொல்பொருள் இடங்கள், எச்சங்கள் பற்றிய சட்டத்தின் 4-ஆவது பிரிவு இதற்கென்றே அமைந்தது. ஒரு கட்டடத்தைத் தேசிய முக்கியத்துவம் வாய்ந்ததென அறிவிக்க விரும்பும் மத்திய அரசு, இரண்டு மாத முன்னறிவிப்பை அரசிதழில் வெளியிட வேண்டும். அதன் படி ஒன்றை அக்கட்டடத்தின் அருகே பலரும் காணும் இடத்தில் ஒட்ட வேண்டும். அதில் உரிமையோ நலனோ உடைய எவரும் அந்த இரண்டு மாதத்திற்குள் ஆட்சேபணை எழுப்பலாம். அவற்றைப் பரிசீலித்த பின்னரே இறுதி அறிவிப்பு. கர்சன் பிரபுவின் காலத்தில் வந்த 1904-ஆம் ஆண்டுச் சட்டத்திலும் இதற்கு இணையான வழிமுறை இருந்தது. ஆக, மக்களின் கருத்தைக் கேட்பது என்பது அண்மையில் பிற நாடுகளைப் பார்த்துக் கற்றுக்கொண்ட பழக்கம் என்று எண்ணுவது சரியன்று.

வியப்புக்குரிய செய்தி மற்றொன்று. 1904-ஆம் ஆண்டுச் சட்டம் சின்னத்தின் வயதைக் கூறவில்லை. வரலாறு, தொல்லியல், கலை ஆகியவற்றில் ஏதேனும் ஒரு வகையில் சிறப்பு இருந்தால் போதும் என்றது. குறைந்தது 100 ஆண்டு என்ற வரம்பு விடுதலை பெற்ற நாட்டின் சட்டத்தில் இடம் பெற்றது. இவ்வரம்பை நாடுகளின் மண்டபத்திற்குப் பொருத்திப் பார்த்தால், மத்தியச் சட்டத்தின் வாயில் அதற்கு 2072-இல் திறந்திருக்கும். தில்லிக் குழுவின் 60 ஆண்டு வரையறையின்படி 2032-இல்.

வயது வரம்புக்கு நியாயம் இல்லாமல் இல்லை. காலம் ஒரு சல்லடை. நேற்று வியந்தது இன்று சலித்துப் போகிறது. ஒவ்வொரு தலைமுறையும் தன் கட்டடங்களையே போற்றிப் பட்டியலிட்டால் நகரில் புதிதாக ஒன்று எழ இடம் இராது. ஆனால் பொருளாதார நோக்கில் பார்க்கும்பொழுது, ஒரு கட்டடத்திற்கு மிகவும் இடர் நிறைந்த பருவம் அதன் 30-ஆவது ஆண்டிலிருந்து 60-ஆவது ஆண்டு வரையிலான காலமே. குழாய்களும் மின்கம்பிகளும் மின்தூக்கிகளும் அப்பொழுதுதான் தேய்ந்து ஓய்கின்றன. அதன் பாணி நாகரிகம் குன்றியதாகத் தோன்றுகிறது. ஆனால் பழமையின் அழகு இன்னும் கூடவில்லை. மனை விலையோ கட்டடத்தின் விலையைப் போலப் பன்மடங்கு ஆகியிருக்கும். இந்தப் பருவத்தைக் கடந்து விட்ட கட்டடத்திற்குப் பரிந்து பேசுவோர் தாமே வருவர். வயது வரம்போ, துணை மிகவும் தேவைப்படும் ஆண்டுகளில் கட்டடத்தைத் தனியே விட்டுவிட்டு, ஆபத்து நீங்கியபின் கைகொடுக்க வருகிறது.

புதுமைக் கட்டடங்களும் மரபாகலாம் என்பதைச் சட்டமும் உலகமும் ஏற்ற நிகழ்ச்சிகளும் உண்டு. லெ கொர்புசியே வடிவமைத்த சண்டீகரின் தலைமை வளாகம், ஏழு நாடுகளில் பரவிய அவருடைய 17 படைப்புகளுள் ஒன்றாக 2016-இல் யுனெஸ்கோவின் உலக மரபுப் பட்டியலில் சேர்ந்தது. 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், அந்நகரின் முதற்கட்டப் பிரிவுகளில் தனி வீடுகளை மாடி மாடியாகப் பிரித்து அடுக்குக் குடியிருப்புகளாக்குவதற்குத் தடை விதித்தது. முக்கால் நூற்றாண்டு கூட நிறையாத ஒரு நகரின் அமைப்பே அங்கு மரபாகக் கருதப்பட்டது.

மும்பையின் இரு முகங்கள்

மத்தியச் சட்டம் ஏறத்தாழ 3,700 சின்னங்களையே காக்கிறது. நகரங்களில் உள்ள பல்லாயிரம் வீடுகள், சந்தைகள், திரைப்பட அரங்குகள், கல்லூரிகள் ஆகியவை நகரமைப்பு விதிகளின் கீழ்தான் வர முடியும். இவ்வகையில் நாட்டுக்கு முன்னோடியாக இருந்தது மும்பை. 1995 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த அதன் மரபு விதிகள் 600-க்கும் மேற்பட்ட கட்டடங்களையும் பகுதிகளையும் மூன்று தரங்களாகப் பிரித்தன. முதல் தரத்தில் மாற்றத்திற்கு இடமில்லை என்றே சொல்லலாம். மூன்றாம் தரத்திலோ உட்புற மாற்றமும் புதிய பயன்பாடும் பெரும்பாலும் அனுமதிக்கப்படும். தெருவின் தோற்றம் குலையாதிருந்தால் போதும்.

2012 ஜூலை இறுதியில் மாநகராட்சி இரண்டாவது பட்டியல் ஒன்றை வெளியிட்டு ஆட்சேபணைகளையும் யோசனைகளையும் கோரிற்று. அதில் 900-க்கும் மேற்பட்ட இனங்கள் இருந்தன. சிவாஜி பூங்காவைச் சுற்றியுள்ள குடியிருப்புகளும் தாதர் பார்சி காலனியும் அவற்றுள் அடங்கும். பட்டியலைத் தயாரித்தோர் பாராட்டையே எதிர்பார்த்திருப்பர். வந்ததோ எதிர்ப்பு. சிவாஜி பூங்கா வட்டாரத்தில் கண்டனக் கூட்டங்கள் நடந்தன. அரசியல் கட்சிகளும் குடியிருப்போர் பக்கம் நின்றன. ஆட்சேபணைகளைக் கேட்டறிய ஓய்வுபெற்ற உயர் அலுவலர் ஒருவர் தலைமையில் குழு அமைக்க வேண்டியதாயிற்று.

நடுத்தர வகுப்பினர், படித்தவர்கள், தம் வட்டாரத்தின் மீது பற்று மிகுந்தவர்கள். அவர்கள் ஏன் எதிர்த்தனர்? கலை உணர்வு இல்லாமையால் என்று சிலர் எழுதினர். அது மேலெழுந்தவாரியான கூற்று. காரணம் வாடகைச் சட்டத்தில் உள்ளது. 1947-ஆம் ஆண்டின் பம்பாய் வாடகைச் சட்டம், வாடகையை 1940 செப்டம்பரில் இருந்த அளவோடு கட்டிவைத்தது. போருக்குப் பிந்திய வீட்டுப் பஞ்சத்தில் வாடகைதாரரைக் காக்க அது தேவைப்பட்டது. ஆனால் அச்சட்டம் அரை நூற்றாண்டுக்கும் மேல் நீடித்தது. சில நூறு ரூபாய் வாடகை பெறும் உரிமையாளர் பல இலட்சம் செலவாகும் பழுதுபார்ப்பைச் செய்ய முன்வரவில்லை. கட்டடங்கள் நொறுங்கி விழத் தொடங்கியதால் 1969-இல் தனி வரி விதித்து, பழுதுபார்ப்பு வாரியம் ஒன்றை ஏற்படுத்த வேண்டியதாயிற்று. 1999-ஆம் ஆண்டின் புதிய சட்டம் ஆண்டுக்கு 4 சதவீத உயர்வை அனுமதித்தது. இழந்த காலத்தை அது மீட்கப் போதவில்லை.

இந்நிலையில் வாடகைதாரருக்கு எஞ்சிய நம்பிக்கை ஒன்றே. கட்டடத்தை இடித்துப் புதுப்பிக்கும் கட்டுமான நிறுவனத்திற்குக் கூடுதல் தளப்பரப்புக் குறியீடு வழங்கப்படும். அதற்கு ஈடாகப் பழைய குடியிருப்போர் ஒவ்வொருவருக்கும் புதுக் கட்டடத்தில் விலையின்றி ஒரு வீடு கிடைக்கும். ஒழுகும் கூரையின் கீழ் இரண்டு தலைமுறை வாழ்ந்த குடும்பத்திற்கு அதுவே வாழ்நாள் சொத்து. மரபுப் பட்டியல் அச்சொத்தைப் பறித்துவிடும் என்று அவர்கள் அஞ்சினர். மூன்றாம் தரத்தில் எவ்வளவு மாற்றம் செய்யலாம் என்பதை அவர்களிடம் எடுத்துரைத்தவர் எவரும் இல்லை. பழுதுபார்ப்புக்கு யார் பணம் தருவார் என்ற கேள்விக்கும் பட்டியலில் விடை இல்லை. முதலில் கட்டுப்பாட்டை அறிவித்துவிட்டு, ஈட்டைப் பின்னர் பேசலாம் என்று விடும் எந்தக் கருத்துக் கேட்பும் இவ்வாறுதான் முடியும்.

இதே நகரில் மற்றொரு காட்சி. ஓவல் மைதானத்தின் ஒருபுறம் 19-ஆம் நூற்றாண்டின் கோதிக் பாணிப் பல்கலைக்கழகமும் உயர்நீதிமன்றமும். எதிர்ப்புறம் கடலைத் தூர்த்துப் பெற்ற நிலத்தில் 1930-களில் எழுந்த ஆர்ட் டெக்கோ பாணி அடுக்கு வீடுகள். இவையும் மெரைன் டிரைவ் வரிசையும் சேர்ந்து 94 கட்டடங்கள் 2018-இல் உலக மரபுப் பட்டியலில் இடம் பெற்றன. இதன் முன்முயற்சி அரசாங்கத்திடமிருந்து வரவில்லை. அங்குள்ள குடியிருப்போர் அமைப்புகளும் ஆர்வலரும் ஒன்றுகூடி ஆவணம் தயாரித்தனர். மாநில அரசு அதனை ஏற்று முன்னனுப்பியது. மைதானத்தைச் சீராக்கிப் பேணுவதில் பல ஆண்டுகள் உழைத்த அனுபவம் அவர்களுக்கு முன்பே இருந்தது. எல்லோரும் செல்வர் என்பதும் பொருந்தாது. அங்கும் பழைய வாடகையில் இருப்போர் உண்டு. ஆனால் திறந்த மைதானம், கடற்காட்சி, உறுதியான கான்கிரீட் கட்டுமானம் ஆகியவை இருக்கும் இடத்தில் காப்பதன் பயன் குடியிருப்போரின் கைக்கே வந்து சேர்கிறது. சிவாஜி பூங்காவில் காப்பதன் பயன் ஊருக்கு, செலவு வீட்டுக்காரருக்கு. இந்த வேறுபாட்டைக் காணாமல் ஒரு வட்டாரத்து மக்களைப் பண்பாடு மிக்கவர் என்றும், மற்ற வட்டாரத்தாரைப் பணப்பற்று மிக்கவர் என்றும் தரம் பிரிப்பது அலுவலருக்கு அழகன்று.

யார் பயனாளி, யார் பார்வையாளர்?

கேட்கப்பட வேண்டியவர் யார் என்பதில் அகமதாபாத் ஒரு பாடம். அங்குள்ள இந்திய மேலாண்மைக் கழகத்தின் செங்கல் வளாகத்தை லூயி கான் வடிவமைத்தார். 2020 டிசம்பரில் 18 மாணவர் விடுதிகளுள் 14-ஐ இடித்துப் புதிதாகக் கட்டக் கழகம் முனைந்தபொழுது உலகின் பல பகுதிகளிலிருந்தும் எதிர்ப்பு எழுந்தது. 2021 ஜனவரி முதல் நாளன்றே அத்திட்டம் திரும்பப் பெறப்பட்டது. 2022 நவம்பரில், பாதுகாப்பைக் கருதிச் சில கட்டடங்களைத் திரும்பக் கட்டவே வேண்டும் என்று கழகம் மீண்டும் அறிவித்தது. செங்கல் உதிர்கிறது, கூரை ஒழுகுகிறது, 2001 நிலநடுக்கம் விரிசல்களை ஏற்படுத்தியது என்பவை அதன் வாதம். அதே வளாகத்தின் நூலகம் பழுது நீக்கப்பட்டு 2019-இல் யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் மரபு விருதைப் பெற்றது, ஆகவே விடுதிகளையும் சீராக்கலாம் என்பது எதிர்வாதம். இரண்டிலும் உண்மை உண்டு. எந்த ஒரு கருத்துக் கேட்பிலும் தொலைவில் இருந்து வரும் நூறு கடிதங்களையும், அந்த அறையில் இரவு உறங்கும் மாணவனின் ஒரு கடிதத்தையும் எண்ணிக்கை கொண்டு ஒப்பிடக் கூடாது. அவ்வாறே, மாணவன் இரண்டு ஆண்டுகளில் வெளியேறுகிறான், கட்டடம் நிற்கிறது. எனவே பொறியாளரின் அறிக்கை முழுமையாகப் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டு, மாற்றுக் கருத்துடைய பொறியாளரும் கட்டடத்தைச் சோதிக்க வாய்ப்பு அளிக்கப்பட்ட பிறகே கேட்பு பொருள் உடையதாகும்.

மொழியும் இங்கு ஒரு தடை. அரசிதழில் வரும் அறிவிப்பு ஆங்கிலத்திலும் இந்தியிலும் இருக்கும். அச்சின்னத்தின் அருகே கடை வைத்திருப்பவர் படிப்பது மராத்தியாகவோ கன்னடமாகவோ வங்காளியாகவோ இருக்கலாம். 2020-இல் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு வரைவு அறிவிப்பை அரசமைப்பின் எட்டாவது அட்டவணை மொழிகளில் பெயர்க்கும்படி தில்லி உயர்நீதிமன்றம் ஆணையிட்டது நினைவுகூரத் தக்கது. சட்ட முன்வடிவுகளைக் குறைந்தது 30 நாள் பொதுமக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும் என 2014-இல் மத்திய அரசு வகுத்த கொள்கையும் உண்டு. 2010-ஆம் ஆண்டுத் திருத்தம் சின்னத்தைச் சுற்றி 100 மீட்டர் வரை தடைப் பகுதி, அதற்கப்பால் 200 மீட்டர் ஒழுங்குப் பகுதி என்று வகுத்தது. ஒவ்வொரு சின்னத்திற்கும் தனித் துணைவிதி வகுத்து மக்கள் கருத்துக்கு வைக்கவும் வழி செய்தது. அந்த 300 மீட்டருக்குள் வாழும் மக்கள் பல ஊர்களில் கோட்டையின் உள்ளேயே தலைமுறைகளாகக் குடியிருப்பவர்கள். அவர்களுக்கு இது சமையலறையைப் பெருக்கிக் கட்ட முடியுமா என்ற கேள்வி.

காலமும் செலவும்

இரண்டு மாத அறிவிப்பில் உள்ள பெரும் அபாயத்தையும் மறைக்க இயலாது. அறிவிப்பு ஆட்சேபணைக்கு வழி விடுகிறது. இடிப்பவருக்கும் முன்னெச்சரிக்கை தந்துவிடுகிறது. இலண்டனின் மேற்கே ஃபயர்ஸ்டோன் டயர் தொழிற்சாலையின் முகப்பு 1928-இல் எழுந்த ஆர்ட் டெக்கோ கட்டடம். அது பாதுகாப்புப் பட்டியலில் சேர இருந்த தறுவாயில், 1980 ஆகஸ்டில் ஒரு விடுமுறை வார இறுதியில் புதிய உரிமையாளர் அதனை இடித்துத் தள்ளிவிட்டார். அந்த அதிர்ச்சிக்குப் பின்னரே இரு உலகப்போர்களுக்கு இடைப்பட்ட காலத்துக் கட்டடங்கள் பெருமளவில் அங்குப் பட்டியலில் சேர்ந்தன. 1987-இல் 30 ஆண்டு கடந்த எதையும் கருதலாம் என்ற விதியும் வந்தது. இங்கிலாந்தில் உள்ளூர் மன்றம், இடர் நேரும் என்று கருதினால் ஆறு மாதம் செல்லத்தக்க தற்காலிகப் பாதுகாப்பு ஆணையைப் பிறப்பிக்கலாம். வேல்ஸ் பகுதியின் 2016-ஆம் ஆண்டுச் சட்டம் இன்னும் ஒரு படி மேலே சென்றது: உரிமையாளரின் கருத்தைக் கேட்கத் தொடங்கும் நாளிலிருந்தே கட்டடம் பட்டியலில் உள்ளதாகவே கருதப்படும். கேட்பும் உண்டு, காப்பும் உண்டு. இந்திய நகரமைப்பு விதிகளில் புகுத்தத் தக்க முதல் திருத்தம் இதுவே. ஆறு மாதத்திற்குள் முடிவு எடுக்கப்படாவிட்டால் தடை தானே நீங்கும் என்றும் அதனுடன் சேர்த்து எழுதுதல் நலம். இல்லையேல் கோப்பு மேசையில் தூங்கும். உரிமையாளர் ஆண்டுக்கணக்கில் தவிப்பார்.

செலவைப் பற்றி ஒரு சொல். நகரம் முழுவதும் அனுபவிக்கும் பயனுக்கு ஒருவர் மட்டும் விலை கொடுக்கும்பொழுது அப்பயன் குறைவாகவே வழங்கப்படும் என்பது பொருளாதார மாணவர் அறிந்த பால பாடம். மரபு வீட்டில் கட்டப்படாமல் விடப்பட்ட தளப்பரப்பைச் சான்றிதழாக்கி, வேறிடத்தில் கட்டுவோருக்கு விற்க அனுமதிப்பது அதற்கு ஒரு மாற்று. இதுவே வளர்ச்சி உரிமை மாற்றம். 2017-இல் நாட்டின் முதல் உலக மரபு நகரமான அகமதாபாத்தின் மதிலகத்தில், போல் எனப்படும் குறுந்தெருக்களில் உள்ள மரவேலைப்பாடு மிக்க வீடுகளுக்கு இம்முறை வழங்கப்பட்டுள்ளது. ஆனால் ஒரே மாநகராட்சி ஒரு கையால் இச்சான்றிதழைத் தந்துவிட்டு, மறு கையால் கூடுதல் தளப்பரப்பைத் தானே கட்டணம் பெற்று மலிவாக விற்குமானால் சான்றிதழுக்கு விலை ஏது? மரபுத் துறையும் நிதித் துறையும் ஒருவரையொருவர் கலந்து கொள்ளாத நகரங்களில் இது எளிதில் நேரக்கூடியது. மக்களைக் கேட்கும் முன் அலுவலகத்தின் இரு அறைகள் ஒன்றையொன்று கேட்டுக்கொள்வது நன்று.

கேட்டபின் செய்ய வேண்டியதே பெரும்பாலும் விட்டுப்போகிறது. வந்த ஆட்சேபணைகள் இத்தனை, 'உரிய முறையில் பரிசீலிக்கப்பட்டன' என்ற ஒரு வரியோடு கோப்பு மூடப்படுகிறது. எழுதியவர் தம் மடலைப் படித்தார்களா என்று அறியார். அடுத்த முறை அவர் எழுதமாட்டார். வழக்குத் தொடுப்பார், அல்லது ஊர்வலம் போவார். ஆட்சேபணைகளைப் பொருள்வாரியாக வகைப்படுத்தி, ஏற்றது எது, ஏற்காதது எது, ஏன் என்று ஒவ்வொரு வகைக்கும் இரண்டு மூன்று வரியில் காரணம் எழுதி, அதனை இறுதிப் பட்டியலுடன் வட்டார மொழியில் வார்டு அலுவலகத்தில் ஒட்டிவைக்க ஒரு எழுத்தருக்குச் சில வார வேலைதான் ஆகும்.